கிலோ செம்பும் மைக்ரான் செம்பும்

மே மாதம் பிறந்துவிட்டால் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவின் மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் தூக்கம் போய்விடும். 1980களில் அப்படித்தான் இருந்தது. ஏ.சி.யின் கண்டென்சர் ஃபேன், வில்லாக்களின் தண்ணீர்ப் பம்பு, பேக்கரியின் மாவு பிசையும் மிஷின் என்று கருகிய மோட்டார்கள் பிக்கப் வண்டிகளில் வந்து வாசலில் குவியும். மூன்று பேஸில் ஒன்று அறுந்திருக்கும். மிச்ச இரண்டில் மோட்டார் முக்கி முக்கி ஓடித் தன் காயிலைத் தானே சுட்டிருக்கும். அப்படி இல்லையென்றால் கடல் உப்பும் ஈரக் காற்றும் எனாமலை அரித்திருக்கும். எதுவானாலும் மறுநாள் காலைக்குள் ஓட வேண்டும். ஏ.சி. இல்லாத வீட்டில் ஒரு ஜூலை இரவைக் கழிக்க யாராலும் முடியாது.

நான் கோயம்புத்தூர் கணபதியில் தொழில் பழகியவன். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் அது. அங்கே காயில் கட்டத் தெரிந்த பையன்களுக்குப் பஞ்சமில்லை, அதனாலேயே கூலியும் பெரிதாக இல்லை. ஷார்ஜாவில் அதே வேலைக்குப் பல மடங்கு கிடைத்தது.

வேலை என்றால் இதுதான். கருகிய காயிலை உளியால் வெட்டி, கொஞ்சம் சூடு காட்டி உருவுவோம். ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுற்று என்று எண்ணி, மைக்ரோமீட்டரில் கம்பியின் கேஜ் பார்த்து, பழைய செம்பைத் தராசில் போட்டு எடை குறித்துக்கொள்வோம். ஸ்டாரா டெல்டாவா என்று சாக்பீஸால் தரையில் வரைந்து வைப்போம். பிறகு ஃபார்மரில் புதுக் கம்பி சுற்றி, ஸ்லாட் பேப்பர் செருகி, காயிலைப் பிடி பிடியாக உள்ளே இறக்கி, மேலே மூங்கில் சீவலால் அடைத்து, நூலால் கட்டி, மெகர் வைத்து இன்சுலேஷன் பார்த்து, வார்னிஷில் முக்கி ஓவனில் ஏற்றுவோம். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்கே சில கிலோ செம்பு போகும். நாள் முடியும்போது விரல் நுனிகளில் எனாமல் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது.

கடையின் உஸ்தாத் பாகிஸ்தான்காரர். இந்தியும் பஞ்சாபியும் கலந்து அவர் திரும்பத் திரும்பச் சொன்னவை மூன்று. ஸ்லாட் நிரம்ப வேண்டும். கம்பி தடிமனாக இருந்தால் சூடு குறையும். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடவே கூடாது. சிறிய மோட்டார்களில் அந்தக் காற்று இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பேரிங் தேய்ந்து ரோட்டர் கொஞ்சம் சாய்ந்தால்கூட மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், காயில் சுடும். இரும்பு பக்கத்தில் இருக்கட்டும், காற்று தூரப் போகட்டும் என்பதே எங்கள் தொழிலின் முழுப் படிப்பு. ஆண்டுக்கணக்கில் அதை உடம்பால் படித்தேன்.

இப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னணு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். புது மோட்டாரின் விலை ரீவைண்டிங் கூலிக்குப் பக்கத்தில் வந்தபின் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கம்பி சுற்றத் தெரிந்த கை ஒன்று அந்தக் கூடத்துக்குத் தேவைப்பட்டது. அங்கும் என் வேலை காயில்தான். ஆனால் உஸ்தாத் சொல்லித்தந்த மூன்றும் அங்கே தலைகீழாக நின்றன. காயிலை நிரப்பாதீர்கள், நடுவைக் காலியாக விடுங்கள் என்றார்கள். கம்பி தடிமனாக இருந்து பயனில்லை என்றார்கள். காற்று இடைவெளியோ, மூன்று சென்டிமீட்டர் நான்கு சென்டிமீட்டர் என்று அவர்களாகவே வைத்துக்கொண்டது. அந்தக் காற்றைத் தாண்டி மின்சாரம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சியே.

முதலில் கம்பியின் தடிமனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதுதான் எனக்குக் கடைசியாகப் பிடிபட்டது. மாறுமின்னோட்டம் செம்பின் உள்ளே முழுதும் பரவுவதில்லை, மேல்தோலில் ஓடவே விரும்புகிறது. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் சுமார் 9 மில்லிமீட்டர். எங்கள் ஒரு மில்லிமீட்டர் கம்பி முழுதும் தோல்தான், அதனால் தடிமன் கூடக் கூட லாபம். பஸ் கார்டும் செல்போனும் தொட்டுப் பேசும் 13.56 மெகாஹெர்ட்ஸில் அதே ஆழம் 18 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் கால்வாசி. அதற்கு மேல் எவ்வளவு செம்பு வைத்தாலும் உள்ளே இருப்பது சும்மா இருக்கும். சர்க்யூட் போர்டில் வழக்கமாக இருக்கும் 35 மைக்ரான் செம்புப் பூச்சு அந்த அலைவரிசைக்குப் போதும். கிலோ கணக்கில் செம்பு நிறுத்த தராசு அங்கே எதற்கும் உதவாது.

நடுவைக் காலியாக விடுவதற்கும் காரணம் உண்டு. தட்டையான சுருள் காயிலில் உள்வட்டச் சுற்றுகள் சிறியவை. அவை பிடிக்கும் காந்தப்புலம் கொஞ்சம். ஆனால் மற்ற எல்லாச் சுற்றுகளின் காந்தப்புலமும் அந்த நடுவில்தான் நெருக்கியடித்து நிற்கிறது. அந்த நெருக்கடி உள்சுற்றுகளின் செம்பில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிச் சூடாக வீணாக்குகிறது. அதாவது உள்ளே போகப் போக வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. அதனால் நல்ல வடிவமைப்பில் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். இன்னும் கவனமாகச் செய்பவர்கள் வெளிச்சுற்றுகளை அகலமாகவும் உள்சுற்றுகளை ஒல்லியாகவும் வரைவார்கள். ஒரு ஸ்லாட்டில் விரல் நுழைய இடமிருந்தாலே உஸ்தாத் காயிலைப் பிரிக்கச் சொல்வார். அவர் இதைப் பார்த்திருந்தால் நிச்சயம் காரணம் கேட்டிருப்பார், கேட்டு ஒப்புக்கொண்டும் இருப்பார். அவர் எதையும் காரணம் தெரியாமல் சொன்னவர் அல்ல.

சின்னதாக்குவது இந்தத் துறையில் இவ்வளவு கடினம் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. சிலிக்கான் சில்லில் டிரான்சிஸ்டர் சின்னதாகச் சின்னதாக வேகம் கூடியது. செல்போன் அதனால்தான் சாத்தியமானது. காயில் அந்த வண்டியில் ஏறவில்லை. ஒரு காயிலின் எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் அதன் இண்டக்டன்ஸ் பாதியாகும், கம்பியின் தடை இரண்டு மடங்காகும். அதே அலைவரிசையில் அதன் தரம், ஆய்வுக்கூடத்தில் க்யூ என்று சொல்கிறோமே அது, கால்வாசியாகிவிடும். காந்தப்புலத்துக்கு இடம் வேண்டும். அதை ஏமாற்ற வழியில்லை. அதனால்தான் கையளவு கருவிக்குள் எல்லாம் அடங்கியபின்னும் காயில் மட்டும் கருவியின் சுற்றளவை வளைத்துக்கொண்டு கிடக்கிறது.

துபாய் மெட்ரோ 2009 செப்டம்பர் 9 அன்று திறந்தபோது பயணக் கட்டணத்துக்கான நோல் கார்டும் வந்தது. அந்த பிளாஸ்டிக்குக்குள்ளும் விளிம்பை ஒட்டிச் சில சுற்றுக் காயில் இருக்கிறது. அதன் எடை ஒரு கிராமில் சிறு பங்கு. பேட்டரி கிடையாது. கேட்டின் மேல் வைத்த கணத்தில் கேட்டுக்குள் இருக்கும் காயிலின் காந்தப்புலத்தைப் பிடித்து, அந்த மின்சாரத்தில் விழித்து, கணக்கை முடித்து, மறுபடி செத்துவிடுகிறது. யூனியன் ஸ்டேஷனில் காலை நேரக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேஸன், நர்ஸ், டெலிவரி பையன், கணக்கப்பிள்ளை என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு காயில். நாங்கள் ஒரு கோடை முழுக்கக் கட்டியதைவிட அதிகமான காயில்கள் சில நிமிடத்தில் அந்தக் கேட்டைத் தாண்டும். கட்டியவன் யார் என்று கேட்க அங்கே ஆள் இல்லை, மனிதக் கை கட்டியதும் இல்லை.

பத்திரிகைகள் பெரியதையே எழுதும். 2020-ல் துபாய் சிலிக்கான் ஓயாசிஸில் சாலைக்கு அடியில் காயில் பதித்து, ஓடும் வண்டிக்கே சார்ஜ் ஏற்றும் சோதனை நடந்தது. தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனம் கண்டுபிடித்த முறை. எல்லோரும் பேசினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் பெரிய காயிலில் செம்பு போடலாம், ஃபெரைட் போடலாம், குளிர்விக்கலாம். ஒரு மில்லிவாட்டை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் சாமர்த்தியம் முழுவதும் சோதிக்கப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். இடமும் இல்லை, எடையும் கூடாது, சூடும் ஆகாது.

அந்தச் சாமர்த்தியத்தை நான் மனதாரக் கும்பிட்டது அபுதாபியில். அங்கே ராஜாளிகளுக்கென்று 1999-ல் தொடங்கிய மருத்துவமனை ஒன்று உண்டு, பார்வையாளர்களையும் உள்ளே விடுகிறார்கள். முகமூடி போட்ட பறவைகள் வரிசையாகப் பச்சைப் புல்தரை விரிப்பு ஒட்டிய கட்டைகளில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கின்றன. ராஜாளியின் மார்புத் தசையில் ஒரு கண்ணாடிக் குப்பி ஊசி வழியே ஏற்றப்பட்டிருக்கும். சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் குறுக்களவு. உள்ளே ஒரு ஃபெரைட் குச்சி, அதன்மேல் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி நூற்றுக்கணக்கான சுற்று, பக்கத்தில் ஒரு சில்லு. ரீடரை அருகே கொண்டுபோனால் 134.2 கிலோஹெர்ட்ஸில் காந்தப்புலம் பாயும், குப்பி விழித்து 15 இலக்க எண்ணைச் சொல்லும். பேட்டரி இல்லாததால் தீர்ந்துபோக ஒன்றுமில்லை. பறவையின் ஆயுள் முழுக்க அந்தக் காயில் வேலை செய்யும்.

அங்கே ஃபெரைட் குச்சியைப் பார்த்ததும் எனக்கு உஸ்தாத் நினைவு வந்தது. அவ்வளவு சின்னக் குப்பியில் வெறும் காற்றுச் சுருள் எதையும் பிடிக்காது. ஃபெரைட் சுற்றியுள்ள காந்தப்புலத்தைத் தன் வழியாக இழுத்துக் கம்பிக்குள் செலுத்துகிறது. இரும்பை நம்பு என்றவர் இங்கே ஜெயித்துவிட்டார். ஆனால் எந்த இரும்பு என்பதுதான் கேள்வி. மோட்டாரின் தகட்டு இரும்பை இந்த அலைவரிசையில் வைத்தால் அதிலேயே சுழல் மின்னோட்டம் ஓடி எல்லாம் சூடாகிப் போகும். ஃபெரைட் பீங்கான் மாதிரிப் பொருள், காந்தத்தை விடும், மின்னோட்டத்தை விடாது. அதனால்தான் அதற்கு அந்த இடம்.

அந்தப் பதினைந்து இலக்க எண் ராஜாளியின் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. 2002 முதல் அமீரகம் ராஜாளிகளுக்குப் பாஸ்போர்ட் தருகிறது. அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்துக்காக ஏற்பட்ட முறை. எல்லையில் பறவையையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்து விடுவார்கள். அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது நெஞ்சு கொஞ்சம் அடைத்தது உண்மை. நாங்கள் காயில் கட்டிய காலத்தில் எங்கள் பாஸ்போர்ட்டுகள் கடை முதலாளியின் இரும்பு அலமாரியில் கிடந்தன. எங்களிடம் இருந்தது பத்தாக்கா என்ற அடையாள அட்டை மட்டும். அப்பா இறந்த செய்தி தந்தியில் வந்தபோது அந்த அலமாரியின் சாவி ஊரில் இல்லை. பறவை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு அந்த மரியாதை கிடைத்தது நியாயம். அது எங்களுக்கும் கிடைத்திருக்க வேண்டியது.

இப்படிச் சின்னக் காயில் செய்யும் ஆராய்ச்சி இந்த வட்டாரத்திலேயே நடக்கிறது. சவூதியில் செங்கடல் கரையில் துவால் என்ற இடத்தில் 2009-ல் காஸ்ட் பல்கலைக்கழகம் திறந்தது. அங்கே அதிஃப் ஷமீமின் குழு இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளி மை ஊற்றி ஆன்டெனாவும் காயிலும் அச்சடிக்கிறது. பீங்கான் தாள்களை அடுக்கி, இடையிடையே வெள்ளிக் கோடு அச்சிட்டு, சுமார் 850, 900 டிகிரியில் சுட்டு ஒரே கட்டியாக்கி, காயிலைக் கட்டிக்குள்ளேயே புதைக்கும் முறையிலும் அவர்கள் வேலை செய்திருக்கிறார்கள். அபுதாபியிலும் கலீஃபா பல்கலைக்கழகமும் மஸ்தார் நிறுவனமும் முன்னின்று 2013-ல் ஒரு கூட்டு மையம் அமைத்தன. தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தேடிக்கொள்ளும் சின்னக் கருவிகள் அதன் இலக்கு. எண்ணெயும் எரிவாயுவும் ஊறும் மண்ணில் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்பதை 1980களில் யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். அன்று பகலிலும் விளக்கு எரிந்த கடைத்தெருக்கள் இவை.

எங்கள் கூடத்தில் இப்போது நடப்பதும் அந்த வகை வேலைதான். ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி ஆராய்ச்சி செய்கிறாள். வெயிலில் வேலை செய்பவர்களின் கையில் ஒட்டும் ஒரு பட்டை. தோலின் வெப்பத்தையும் நாடியையும் பார்க்கும், பேட்டரி கிடையாது, ரீடர் பக்கத்தில் வந்தால் விழிக்கும். கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். எங்கள் காலத்தில் அது இல்லை. மொட்டை மாடியில் ஏ.சி. மோட்டாரைக் கழற்றப் போனவன் தகரத்தின்மேல் மயங்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஈரக் காற்று நிற்கும் ஆகஸ்டில் காலை பத்து மணிக்கே உடம்பு தாங்காது. கடிகாரத்துக்குத் தெரியாததை அந்தப் பட்டை சொல்லும். இத்தனை வயதில் நான் இரவு தங்கி வேலை செய்வது அதனால்தான்.

அவள் முதலில் கொண்டுவந்த காயில் கணினியில் அழகாக ஓடியது. கையில் ஒட்டியதும் படுத்துவிட்டது. வியர்வை தண்ணீர்தானே. அது சுற்றுகளுக்கு இடையில் கூடுதல் கெப்பாசிட்டன்ஸாக நின்று ஒத்திசைவைக் கீழே இழுத்துவிடுகிறது. கை வளைந்தால் காயிலும் வளைந்து இண்டக்டன்ஸ் மாறுகிறது. க்யூ எவ்வளவு உயர்வோ அவ்வளவு துல்லியமாக ஒத்திசைய வேண்டும், கொஞ்சம் விலகினாலும் சில்லு எழுந்திருக்காது. க்யூவைக் குறைத்தால் விலகலைத் தாங்கும், ஆனால் தூரம் போய்விடும்.

“அங்கிள், க்யூ நூறு வேணும்னு புரொபசர் சொல்றார். ஸ்வெட் பண்ணினா அந்த நூறு நமக்கே எதிரியா நிக்குது” என்றாள்.

“அம்மணி, நூறை ரீடர் பக்கம் வெச்சுக்கலாம். அது ஆடாம ஒரு இடத்துல நிக்கற சாமான். பட்டைக்கு அம்பது போதுங்கண்ணு.”

கணக்கு அதைத்தான் சொல்கிறது. இரண்டு காயில்களின் க்யூக்களையும் பெருக்கி, ஒன்றின் காந்தப்புலம் மற்றதை எவ்வளவு எட்டுகிறது என்று சொல்லும் இணைப்பு எண்ணின் வர்க்கத்தாலும் பெருக்கினால் வருவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ரீடரில் 100, பட்டையில் 50, இணைப்பு 0.05 என்றால் பெருக்கம் 12.5. கிடைக்கக்கூடிய அதிகபட்சத் திறன் சுமார் 57 சதவீதம். இணைப்பு 0.01 ஆகிவிட்டால் பெருக்கம் அரை, திறன் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 2007-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மரின் சோல்யாசிச் குழு இரண்டு மீட்டர் காற்றைத் தாண்டி 60 வாட் பல்பை எரியவைத்தது இந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான். இணைப்பு பலவீனமாக இருந்தபோதும் க்யூவை மிக உயர்த்தி ஈடுகட்டினார்கள். எங்களால் பட்டையில் அதைச் செய்ய முடியாது. அதனால் நாங்கள் இணைப்பைத் தேடிப் போக வேண்டும், அதாவது ரீடரைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

செல்போனைக் கையில் பிடித்து ஒவ்வொருவர் பட்டையையும் ஃபோர்மன் படிப்பார் என்று திட்டத்தில் எழுதியிருந்தார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வேலை அவசரத்தில் ஃபோர்மன் அதைச் செய்ய மாட்டார் என்பதை அனுபவப்பட்டவன் சொல்ல வேண்டியிருந்தது. செய்தாலும், யாருடைய உடம்பு தாங்கவில்லை என்பது முதலில் அவருக்குத் தெரிந்து, தொழிலாளிக்குப் பிறகு தெரியும். சைட்டில் எல்லோரும் தானாகக் கை நீட்டும் இடம் ஒன்றுதான், குடிதண்ணீர்க் கூலர். குழாயைத் திறக்க வரும் மணிக்கட்டு சுமார் மூன்று சென்டிமீட்டர் தள்ளி வரும். அவ்வளவு தூரத்தில் காந்தப்புலம் அதிகபட்சமாக இருக்க வட்டக் காயிலின் ஆரம் தூரத்தைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு, அதாவது 42 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குழாய்க்கு மேலே அந்த அளவு வட்டம் தாராளமாக அடங்கும். பச்சை, சிவப்பு என்று ஒரு விளக்கு, தண்ணீர் பிடிக்கிறவன் கண்ணுக்கே முதலில் தெரியும்படி.

சிக்கல் கூலரின் உடம்பு. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டீலின்மேல் காயிலை ஒட்டினால் தகட்டில் எதிர் மின்னோட்டம் கிளம்பிக் காந்தப்புலத்தை அடித்துப்போடும், இண்டக்டன்ஸ் விழும், க்யூ விழும். நடுவே ஃபெரைட் தாள் வைக்கலாம். கால் மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. ஆனால் அது மட்டும் போதாது, தகட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியும் வைக்க வேண்டும்.

“எவ்வளவு தள்ளணும் அங்கிள்? சிமுலேஷன் போட்டா நைட் ஃபுல்லா ஓடும்.”

“ஓடட்டும் அம்மணி. அதுவரைக்கும் நாம அட்டையை அடுக்கி அளந்து பாக்கலாம்.”

ஸ்லாட் பேப்பர் மாதிரியான அட்டை ஒரு மில்லிமீட்டர் தடிமனில் என் டிராயரில் எப்போதும் இருக்கும். பழைய கூலர் ஒன்றின் முன்தகட்டைக் கழற்றி மேஜையில் கிடத்தினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று அட்டை வைத்து ஒவ்வொரு முறையும் அனலைசரில் க்யூவைக் குறித்தோம். ஐந்தாவது அட்டைக்கு மேல் பெரிய ஏற்றம் இல்லை. காலையில் சிமுலேஷன் சொன்னதும் அதை ஒட்டியே இருந்தது. ஐந்து மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கட்டை, அதன்மேல் ஃபெரைட், அதன்மேல் காயில் என்று வரைபடம் தயார். தண்ணீர் சிந்தும் இடம் என்பதால் முழுதையும் எபாக்ஸியில் முக்கிச் சுட வேண்டும். அந்த வேலைக்கு அவள் ஒரு கம்பெனியிடம் விலை கேட்டிருக்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வார்னிஷ் முக்கிய கைக்கு எபாக்ஸி தெரியாதா, ஓவனும் கூடத்திலேயே இருக்கிறது.